நேற்று வரை தோளில் உட்கார்ந்த கிளி இன்று ஏன் பயப்படுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் இப்போது எத்தனையோ வீடுகளில் காக்டெயில், கான்யூர், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், கிரே பேரட் என்று ஏதோ ஒரு கிளி இருக்கிறது. குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் 14 வருடமாக இருக்கிறது. கிளி வளர்க்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: “நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு என்னைக் கண்டாலே அலறுது.” சொல்லும்போதே சிலருக்குத் தொண்டை அடைத்துவிடும். பிள்ளை மாதிரி வளர்த்தது நம்மைப் பார்த்து நடுங்கினால் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நேற்று வரை என் தட்டில் இருந்து சாப்பிட்டது. இன்று கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே நாளில் எப்படி இப்படி மாறும்?

திடீர் என்பது நமக்குத்தான். கிளிக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அதை நாம் பார்க்கவில்லை.

நாயும் பூனையும் இரை பிடிக்கும் இனம். கிளி இரையாகும் இனம். முட்டையில் இருந்து வந்த நாள் முதல் நம் கையில் ஊட்டி வளர்த்தாலும் அதன் உடம்புக்குள் இருப்பது மரத்துக் கிளியின் பயம்தான். மரத்தில் இருக்கும் கிளி ஒரு தடவை அசந்தால் உயிர் போய்விடும். அதனால் முதலில் பறந்துவிட்டு அப்புறம்தான் என்ன என்று பார்க்கும். கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னால் அசைவதுகூடப் பெரும்பாலும் அதற்குத் தெரியும். முற்றத்துக்கு மேலே வட்டமடிக்கும் செம்பருந்து, மதில்மேல் போகும் பூனை, கொய்யா மரத்தில் வந்து உட்காரும் வல்லூறு, ஓட்டுக்கு அடியில் நகரும் சாரைப்பாம்பு எல்லாம் நாம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பார்த்தவை.

இன்னொன்றும் உண்டு. பயந்த நொடியில் எது கண்முன் இருந்ததோ, அதோடு பயத்தை முடிச்சுப் போட்டுவிடும். நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று பழம் கொடுக்கும்போது முற்றத்தில் ஒரு தென்னை மட்டை தொம்மென்று விழுந்தால், பழி மட்டையின் மேல் போகாது, உங்கள் மேல்தான் வரும். கிளி நன்றி கெட்டது என்று நினைக்காதீர்கள்.

இது பயம்தானா, கோபமா? எப்படித் தெரியும்?

பயந்த கிளி மெலிந்து தெரியும். இறகுகளை உடம்போடு ஒட்டி இறுக்கி, கழுத்தை நீட்டி, ஒரு குச்சி மாதிரி நிற்கும். கண் உருண்டையாக விரிந்திருக்கும். சில கிளிகள் அலறாமல் அப்படியே உறைந்துபோகும். அதைப் பார்த்து ‘சமத்தாக இருக்கிறது’ என்று கையை நீட்டினால் கடி நிச்சயம்.

காக்டெயில் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வசதி, கொண்டையைப் பார்த்தாலே போதும். சும்மா இருக்கும்போது கொண்டை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். ஏதோ சத்தம் கேட்டால் நேராக விறைத்து நிற்கும். தலையோடு சேர்த்து அழுத்தி, வாயைத் திறந்து ‘உஸ்’ என்றால், இதற்கு மேல் நெருங்கினால் கொத்துவேன் என்று அர்த்தம். பயம் முற்றினால் அப்படித்தான் கோபமாகும். கோபக்காரக் கிளி என்று சொல்லப்படுவதில் பெரும்பாதி, விலகிப் போக வழியில்லாத பயந்த கிளிதான்.

பயம் போனதும் உடம்பே சொல்லிவிடும். முழு உடம்பையும் ஒரு தடவை சிலிர்த்து உதறும். ஒற்றைக் காலை வயிற்றுக்குள் மடக்கும். தூக்கம் வருகிற நேரத்தில் அலகை ஒன்றோடொன்று தேய்த்து நறநறவென்று மெல்ல அரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் நிம்மதியாக விளக்கை அணைக்கலாம்.

நோயாக இருக்குமோ? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வலி இருக்கும் கிளியும், கண் மங்கிய கிளியும் கையைக் கண்டு பயப்படும். நோயை முடிந்தவரை மறைப்பதும் கிளியின் குணம். மரத்தில் நோஞ்சானாகத் தெரிந்தால் அதைத்தான் பருந்து முதலில் தூக்கும்.

பயத்தோடு கீழே சொல்வதில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காதீர்கள்: பகலிலும் இறகை உப்பிக்கொண்டு உட்காருவது, கூட்டின் தரையில் இருப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, சாப்பிடாமல் இருப்பது, கம்பில் பிடி தவறுவது, நடுக்கம் அல்லது வலிப்பு. கிரே பேரட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பு வரும். சூரியகாந்தி விதை மட்டுமே தின்று வளர்ந்த கிரேக்களில் இது அதிகம். முட்டம், குளச்சல் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூட்டில் சொருகுங்கள். முருங்கைக்கீரையும் கொடுங்கள். ஆனால் வலிப்பு வந்துவிட்டால் அது டாக்டர் வேலை.

எச்சத்தையும் பாருங்கள். பயந்தவுடன் ஒன்றிரண்டு தடவை தண்ணீராகப் போவது சகஜம். மறுநாளும் அப்படியே போனால் சரியில்லை. கிராம் கணக்கில் காட்டும் ஒரு சின்னத் தராசு வாங்கிவைப்பது நல்லது. தினமும் காலையில், தீனி வைக்கும் முன் நிறுத்துப் பாருங்கள். ஒரு காக்டெயில் 80 முதல் 100 கிராம்தான் இருக்கும். அதில் 10 கிராம் குறைவது நம் உடம்பில் ஆறேழு கிலோ குறைவது மாதிரி.

கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அங்கே பறவை பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிடுங்கள். பெரிய பரிசோதனை வேண்டும் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி அல்லது துணி மூடிய சின்னக் கூட்டில் கொண்டுபோங்கள். இருட்டாக இருந்தால் வழியில் பதறாது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளியின் உயரத்துக்குக் குனிந்து, அது பார்க்கிற திசையில் பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டில் நேரம் குறித்து எழுதுங்கள். எப்போது பயந்தது, அப்போது யார் இருந்தார்கள், என்ன சத்தம், வீட்டில் அந்த வாரம் புதிதாக வந்தது என்ன, காணாமல் போனது என்ன. நான்கைந்து நாளில் ஒரு ஒழுங்கு தெரிய வரும்.

ஒரு கார்த்திகை மாதம் எங்கள் காக்டெயில் மணிக்குட்டி விடியற்காலையில் மட்டும் அலறித் துடித்தது. பகலில் ஒன்றும் இல்லை. எலி என்று நினைத்துப் பொறி வைத்தோம். பாம்பு என்று நினைத்து விறகைப் புரட்டினோம். நான்காம் நாள் ராத்திரி கூட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். நாலரை மணி இருக்கும். ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்து, சுவரில் வட்டமாக ஓடி, கூட்டுக் கம்பிகளின் நிழலைப் பெரிதாக்கி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மணிக்குட்டி கம்பில் இருந்து தெறித்து விழுந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் நட்டு ஏழு வருடமாகி அந்த வருடம்தான் பால் வெட்டு தொடங்கியிருந்தார்கள். வெட்ட வருகிறவர் நெற்றியில் கட்டியிருந்த லைட் அது. ஒவ்வொரு மரத்துக்கும் அவர் திரும்பும்போது வெளிச்சமும் திரும்பியது. ஒரு பழைய கைலியை ஜன்னலில் கட்டினோம். மூன்றாம் நாளில் இருந்து அலறல் இல்லை.

காரணம் பெரும்பாலும் இந்த அளவுக்குச் சின்னதாகவே இருக்கும். புதிய சிவப்பு வாளி, இடம் மாற்றிய பீரோ, பெயின்ட் அடித்த சுவர், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்த தம்பி. டிசம்பரில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்கும் பேப்பர் ஸ்டார் இன்னொன்று. பகலில் காற்றில் ஆடும், ராத்திரி உள்ளே விளக்கெரிந்து ஒளிரும். கூட்டில் இருந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு பெரிய உருவம் சிறகை விரித்து நிற்பது போலத்தான் தெரியும்.

காரணம் வெளியே இல்லை என்றால் கிளிக்குள்ளே தேடுங்கள். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் குருத்து இறகைத் தொட்டால் அதற்கு வலிக்கும், அதனால் தடவ விடாது. பருவம் எய்தும்போதும் குணம் மாறும். காக்டெயிலுக்கு ஒரு வயதுக்குள், கான்யூருக்கு இரண்டு வயது வாக்கில், கிரேக்கு 3 முதல் 5 வயதுக்குள் இது வரும். தூக்கம் இன்னொரு காரணம். கிளிக்கு ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். சீரியல் முடியும் வரை டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளிக்கு அது எங்கே கிடைக்கும்?

நடு ராத்திரியில் கூட்டுக்குள் சடசடவென்று அடித்துக்கொண்டு விழுகிறது. என்ன செய்வது?

காக்டெயில்களுக்கு இது அடிக்கடி வரும். பல்லி ஓடியது, கரண்ட் போய் வந்தது, சித்திரை, ஐப்பசி மாதத்து இடி என்று ஏதாவது ஒன்று போதும். இருட்டில் கம்பு தெரியாமல் கம்பிகளில் மோதும்.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அப்புறம் விளக்கைப் போடுங்கள். கையை உள்ளே விடாதீர்கள். அது கம்பில் ஏறி மூச்சு நிதானமானதும் சிறகில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் இறகு ஒடிந்தால் ரத்தம் நிற்காமல் சொட்டும். ஒடிந்த முனையில் சோள மாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் உடனே டாக்டர்.

மறுநாளில் இருந்து ஒரு விடிவிளக்கு எரியட்டும். கூட்டை முழுதாக மூடாமல் ஒரு பக்கம் திறந்திருக்கும்படி துணி போடுங்கள். ராத்திரி மட்டும் ஊஞ்சலையும் மணியையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோரிடமும் போகிறது. என்னைக் கண்டால் மட்டும் பறக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லையே?

நீங்கள் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. உருவம் மாறியிருக்கும். புதுக் கண்ணாடி, தலையில் துண்டு, கையில் மருதாணி, நகத்தில் சிவப்புப் பாலிஷ் எதுவும் போதும்.

தக்கலைப் பக்கம் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் கறுப்பு வேட்டியும் தாடியுமாக இருந்தார். அவருடைய சன் கான்யூர் முதல் இரண்டு நாள் தள்ளி நின்று, அப்புறம் தாடிக்குள் தலையை விட்டுத் தூங்கும் அளவுக்குப் பழகிவிட்டது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றி, முகத்தை மழித்து, வெள்ளைச் சட்டையோடு கூட்டைத் திறந்தார். அது வீடு முழுக்கப் பறந்து அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. அவர் அன்று சாப்பிடவில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கட்டும் என்று சொன்னேன். அடுத்த அறையில் இருந்தபடியே வழக்கம்போலப் பேசிக்கொண்டும் சீட்டியடித்துக்கொண்டும் இருந்தார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து பதில் சீட்டி வந்தது.

கையைக் கண்டால் மட்டும் பயம். ஆள் மேல் பயமில்லை. ஏன்?

கை ஏதோ செய்திருக்கிறது. மருந்து கொடுக்கத் துண்டால் பொத்திப் பிடித்திருப்பீர்கள், நகம் வெட்டியிருப்பீர்கள், குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இறக்கை வெட்டியதும் ஒரு பெரிய காரணம். வெட்டிய மறுநாள் அது பழைய நினைப்பில் பாயும், கல் மாதிரித் தரையில் விழும், நெஞ்செலும்பில் அடிபடும். தப்பிக்க இறக்கை இல்லை என்று தெரிந்த கிளி எல்லாவற்றுக்கும் பயப்படும். இறக்கை வெட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்கு வலை அடித்தால் போதும்.

சரி, மறுபடி எப்படிப் பழக்குவது?

அதற்கு விலகிப் போகும் உரிமையைக் கொடுங்கள். நான் சொல்லும் மற்ற எல்லாம் இதற்குள் அடக்கம்.

முதல் இரண்டு மூன்று நாள் கையை நீட்டவே வேண்டாம். தீனி, தண்ணீர் மாற்றுவது மட்டும், அதுவும் மெதுவாக. கூட்டின் ஒரு பக்கம் சுவரோடு சேர்ந்து இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்த கூட்டில் முதுகுக்குக் காவல் இல்லை. மார்பு உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் எல்லோரும் மேலே இருந்து வரும் பருந்துதான்.

அப்புறம், எவ்வளவு தூரத்தில் நீங்கள் நின்றால் அது தீனி தின்பதை நிறுத்தவில்லையோ அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பத்தடி என்றால் பத்தடி. அங்கே ஒரு நாற்காலி போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். இரண்டு கண்ணாலும் நேராக உற்றுப் பார்ப்பது பூனையின் பார்வை, அதைத் தவிருங்கள். பேப்பர் படியுங்கள், வெங்காயம் உரியுங்கள், மெல்லப் பேசுங்கள். தினமும் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம். அது இறகை உதறினால் மறுநாள் நாற்காலியை அரை அடி முன்னால் போடலாம். கழுத்தை நீட்டி மெலிந்து நின்றால் பின்னால் போங்கள். பின்னால் போவது தோல்வி என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாம் அதன் பேச்சைக் கேட்கிறோம் என்று அப்போதுதான் அதற்குப் புரியும்.

பக்கத்தில் வந்த பிறகு அதற்கு உயிரான தீனி ஒன்றைக் கையில் வைத்து மட்டும் கொடுங்கள், தட்டில் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அது மட்டி வாழைப்பழம். சுண்டுவிரல் நுனி அளவு, நீளக் குச்சியின் முனையில் குத்தி நீட்டுவேன். அது எட்டிக் கவ்வியதும் கையை எடுத்துவிடுவேன். கை வந்தது, பழம் வந்தது, கை போய்விட்டது. இந்த மூன்றாவதில்தான் பலர் தவறுகிறார்கள், வந்த சந்தோஷத்தில் தலையைத் தடவப் பார்ப்பார்கள். குச்சியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஒடித்துக் குறைத்தால் ஒரு கட்டத்தில் விரல் மட்டும் மிஞ்சும். தினைக்கதிர் பிடிக்கும் கிளிக்கு அதுவே போதும். காம்பு நீளமாக இருப்பதால் குச்சியும் தேவையில்லை.

பயந்த பொருளுக்கும் இதே வழிதான். ஸ்டாரைக் கழற்றி, அறையின் கோடியில் மடித்துத் தரையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பழம் சாப்பிடட்டும்.

எத்தனை நாளில் சரியாகும்?

பொருளைக் கண்ட பயம் சில நாளில் போகும். கை மேல் வந்த பயத்துக்குச் சில வாரம், கிரே என்றால் சில மாதம்கூட ஆகலாம். ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்கிற வீடுகளில்தான் அதிக நாள் ஆகிறது.

கண்ணேறு பட்டிருக்கும் என்று அம்மா சாம்பிராணி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கிளி இருக்கும் அறையில் வேண்டாம். நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்வதால் புகை அதன் உடம்பில் நம்மைவிட ஆழமாக இறங்கும். கொசுவர்த்தி, ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகை, ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் நெடி எதுவும் ஆகாது. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி சில நிமிடத்தில் கிளியைக் கொன்றுவிடும். அம்மாவின் மனத்திருப்திக்கு வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கட்டும்.

திருவிழா வெடி, மேளம் வரும்போது?

நம் மாவட்டத்தில் கோயில் கொடை, சர்ச் திருவிழா, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்க வெடிதான். தேதி முன்பே தெரியும் என்பது நமக்கு நல்லது. முந்தின நாளே கூட்டைத் தெருவில் இருந்து தள்ளி இருக்கும் உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, விளக்கெரியவிட்டு, அதற்குப் பழக்கமான பாட்டை மெல்ல ஓடவிடுங்கள். சிங்காரி மேளம் வாசலைத் தாண்டும் அந்தப் பத்து நிமிடம் யாராவது பக்கத்தில் இருங்கள். அன்று கூட்டுக்கு வெளியே விடாதீர்கள்.

துணைக்கு இன்னொரு கிளி வாங்கினால் பயம் போகுமா?

இப்போது வேண்டாம். பயம் தொற்றும், புதுக் கிளியும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பின்னால் வாங்கினாலும் 30 முதல் 45 நாள் தனி அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது பச்சைக்கிளி. குஞ்சிலேயே வாங்கியது. அது பயப்படுகிறது.

இதை மறைக்காமல் சொல்கிறேன். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள நம் பச்சைக்கிளியும் மற்ற உள்நாட்டுக் கிளிகளும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூட்டில் வைப்பது எல்லாமே குற்றம். விற்பனைக்கு வரும் குஞ்சு தென்னைப் பொந்தில் தாயிடமிருந்து பறித்தது. அதன் பயத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். கூட்டைத் திறந்து அப்படியே பறக்கவிடாதீர்கள், பறந்து பழகாத கிளியைக் காக்கை கொத்திவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கான்யூர், கிரே, மக்கா போன்ற வெளிநாட்டுக் கிளிகளுக்கு 2024இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். காக்டெயிலுக்கும், சாதாரண லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜிக்கும் அந்தப் பதிவு தேவையில்லை.

பயந்து வெளியே பறந்துவிட்டது. திரும்ப வருமா?

வர வாய்ப்பு உண்டு, முதல் ஒரு மணி நேரம் முக்கியம். எந்தத் திசையில் போனது என்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும். பயந்து பறந்த கிளிக்கு மேலே ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. தென்னை உச்சியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். மரத்தில் ஏறிப் பிடிக்கப் போனால் அடுத்த தோட்டத்துக்குத் தாவிவிடும். அதன் கூட்டைத் திறந்து, தீனியோடு அதன் பார்வையில் படும்படி மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வையுங்கள். ஜோடிக் கிளி இருந்தால் அதை இன்னொரு கூட்டில் பக்கத்தில் வையுங்கள், அது கூப்பிடும். வீட்டில் வழக்கமாகப் பேசும் குரலில் கூப்பிடுங்கள், கத்தாதீர்கள். அந்தி சாய்ந்தால் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். மறுநாள் விடிவதற்கு முன் அதே மரத்தடியில் போய் நில்லுங்கள், பசியில் இறங்கும். எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால் காக்கைகள் கூட்டமாகக் கரைகிற இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். புதுப் பறவையைக் கண்டால் அவை சும்மா இருக்காது.